மந்திரி வாங்கின ஷேர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பேங்க்கிலே முப்பத்து மூணு வருஷம் குப்பை கொட்டினவன் நீ. படிச்சது புள்ளியியல். பணத்தைப் பத்தி ஏதாவது பேசு, ஆனா அறுக்காதே" என்று செயலாளர் அன்போடு கேட்டுக்கொண்டார். முதல் பாதியை நிறைவேற்றுவது உறுதி. இரண்டாவது பாதிக்கு உத்தரவாதம் தர முடியாது.

நான் குடியிருப்பது பொழிச்சலூரில். தலைக்கு மேலே விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஊர். சனிக்கிழமை என்றால் அகத்தீஸ்வரர் கோயிலில் சனி பகவானைப் பார்க்கக் கூட்டம் வரும். கோயில் வரிசையிலும் சரி, டீக்கடையிலும் சரி, பம்மல் போகிற ஷேர் ஆட்டோவிலும் சரி, சமீப வருஷங்களாக ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது. "சார், அந்தக் கம்பெனி ஷேரை மந்திரி ஆளுங்க வாங்குறாங்களாம்." சொல்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கேட்கிறவர் உடனே செல்போனை எடுப்பார்.

இந்த வாசகத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரசியல்வாதிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். அதனால் அவர் வாங்குகிற ஷேர் ஏறும். அவர் பின்னால் போனால் நாமும் பிழைக்கலாம். இது உண்மையா என்று பார்ப்பதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் ஒரு விளக்கம். "மார்க்கெட்டை ஜெயிப்பது" என்றால் லாபம் சம்பாதிப்பது அல்ல. பரீட்சைத் தாள் சுலபமாக வந்து வகுப்பு முழுக்கச் சராசரியாக 80 மார்க் வாங்கிவிட்டால், 78 வாங்கின பையனை யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டோம். ஷேரிலும் அதே கணக்குதான். சந்தை மொத்தமும் எவ்வளவு ஏறியது, இவர் அதைவிட எவ்வளவு அதிகம் சம்பாதித்தார் என்பதே கேள்வி.

சந்தைச் சராசரி என்பது லேசுப்பட்டதல்ல. ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், சென்செக்ஸ் 4,467 வரை போய் உச்சத்தைத் தொட்டது. உடனே ஊழல் வெடித்தது, சந்தை சரிந்தது. 2024 ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 76,468. அந்த மிக மோசமான உச்சி நாளில் குறியீட்டுப் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி, குறியீடு மாறியபோதெல்லாம் தானும் மாற்றிக்கொண்டு, மற்றபடி தூங்கிப்போன ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பணம் 32 வருஷத்தில் 17 மடங்கு. வருஷத்துக்குச் சுமார் 9 சதவீதக் கூட்டு வளர்ச்சி, டிவிடெண்ட் தனி. எந்த மந்திரியின் தயவும் இல்லாமல்! அரசியல்வாதி ஜெயிக்க வேண்டியது இந்தத் தூங்குமூஞ்சி ஆசாமியைத்தான்.

அந்த 1992-லேயே நம் தமிழ்நாட்டுக்காரர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் நடந்தது. மூத்த நண்பர்களுக்கு நினைவிருக்கும். அப்போது மத்திய வர்த்தகத் துறை இணையமைச்சராகத் தனிப்பொறுப்பில் இருந்தவர் ப. சிதம்பரம். அவரும் அவர் மனைவியும் ஃபேர்குரோத் என்ற நிதி நிறுவனத்தின் பங்குகளில் முதலீடு செய்திருந்தார்கள். பத்திர ஊழல் விசாரணையில் அந்த நிறுவனத்தின் பெயரும் அடிபட்டது. 1992 ஜூலையில் அவர் பதவியை விட்டு விலகினார். அது பொறுப்பேற்று விலகியது, குற்றத் தீர்ப்பு அல்ல. 1995-ல் மறுபடி அமைச்சரானார், 1996-ல் நிதியமைச்சரே ஆனார். ஆனால் நம் கேள்விக்கு அந்தச் சம்பவத்தில் ஒரு பதில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர், மத்திய அமைச்சர், டெல்லியிலேயே இருப்பவர். அவர் பணம் போட்ட நிறுவனம் சிறப்பு நீதிமன்றச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டு முடங்கிப்போனது. மந்திரி வாங்கின ஷேர் என்பதால் அது ஏறிவிடவில்லை.

"ஒரு சோற்றை வைத்துப் பானையைச் சொல்லாதே" என்பார் எங்கள் புள்ளியியல் பேராசிரியர். சரி, பானையையே பார்ப்போம். அதற்கு அமெரிக்கா போக வேண்டும். ஏனென்றால் அங்கேதான் மக்கள் பிரதிநிதிகளின் ஷேர் கணக்கை எடுத்து ஆராய முடிந்திருக்கிறது.

2004-ல் ஜியோப்ரோவ்ஸ்கி என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1993 முதல் 1998 வரை அமெரிக்க செனட்டர்கள் வாங்கின பங்குகளைக் கணக்கெடுத்தார்கள். மாதத்துக்கு 0.85 சதவீதம் சந்தையைவிட அதிகம்! வருஷத்துக்குப் பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல். 2011-ல் அதே குழு கீழ்ச்சபை உறுப்பினர்களை ஆராய்ந்தது. அங்கே மாதத்துக்கு 0.55 சதவீதம் கூடுதல். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனே" என்று உலகம் முழுக்க டீக்கடைகளில் பேசியிருப்பார்கள்.

அடுத்துத்தான் கதை திரும்புகிறது. எகர்ஸ், ஹைன்முல்லர் என்ற இருவர் 2004 முதல் 2008 வரையான கணக்கை எடுத்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. சராசரி உறுப்பினர் சந்தையை ஜெயிக்கவில்லை. வருஷத்துக்கு 2 முதல் 3 சதவீதம் குறைவாகவே சம்பாதித்திருக்கிறார். தூங்குமூஞ்சி ஆசாமி ஜெயித்துவிட்டார். தங்கள் சொந்தத் தொகுதியில் இருக்கிற கம்பெனிகளில் போட்ட பணம் மட்டும் அவர்களின் மற்ற முதலீடுகளைவிட நன்றாக வளர்ந்திருந்தது.

2012 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டாக் சட்டம் வந்தது. மக்கள் பிரதிநிதி ஆயிரம் டாலருக்கு மேல் ஷேர் வாங்கினாலும் விற்றாலும் 45 நாளுக்குள் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 2012 முதல் 2020 வரை தெரிவிக்கப்பட்ட வியாபாரங்களை டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அலசினார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்விலும் செனட்டரோ கீழ்ச்சபை உறுப்பினரோ சந்தையை ஜெயித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

"அப்போ நான்சி பெலோசி?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி. சபாநாயகராக இருந்தவர். அவர் கணவர் வாங்கும் ஷேர்களைப் பார்த்து உலகமே காப்பி அடித்தது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் வியாபாரத்தைப் பின்பற்றுவதற்கென்றே 2023-ல் அவர் பெயரைக் குறிப்பால் உணர்த்தும் ஒரு ஃபண்டும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கூடையில் பெரிய இடம் யாருக்கு? மைக்ரோசாஃப்ட், என்விடியா போன்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு. அந்த வருஷங்களில் அவற்றை வாங்கின எவருமே நன்றாகச் சம்பாதித்தார்கள். அதற்கு நாடாளுமன்றத்தில் நாற்காலி தேவையில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் மக்களவையில் 543 பேர். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை ஐந்து தடவை சுண்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து தடவையும் தலை விழுவதற்கு 32-ல் ஒரு வாய்ப்பு. அதாவது 17 பேருக்கு ஐந்தும் தலையாகவே விழும், வெறும் அதிர்ஷ்டத்தால். பத்திரிகையில் அந்த 17 பேரின் படம் வரும். மீதி 526 பேரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்தோடு முடித்தால் "அரசியல்வாதிகள் பாவம், அப்பாவிகள்" என்று நான் சொன்னதாக ஆகிவிடும். அதுவும் சரியில்லை. 2025-ன் இறுதியில் ஷாங் ஜின் வெய், யிஃபான் சோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் சராசரியைப் பார்க்கவில்லை. பின்னாளில் கட்சித் தலைமைப் பதவிக்கு உயர்ந்தவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களோடு ஒத்த சக உறுப்பினர்களுடன் ஒப்பிட்டார்கள். பதவிக்கு வருவதற்கு முன் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வந்த பிறகு, தலைவர்களின் முதலீடு வருஷத்துக்குச் சுமார் 47 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஓடியது. ஆள் அதேதான், மூளையும் அதேதான், நாற்காலிதான் மாறியது.

தனி ஆட்களின் கதைகளும் இருக்கின்றன. கிறிஸ் காலின்ஸ் என்ற நியூயார்க் உறுப்பினர் ஒரு மருந்துக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார். அதன் மருந்துச் சோதனை தோற்றுவிட்டது என்ற செய்தி வெளியே வருமுன் மகனுக்குச் சொல்லிவிட்டார். 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 26 மாதச் சிறைத் தண்டனை பெற்றார், 2020 டிசம்பரில் ஜனாதிபதி மன்னிப்பும் பெற்றார். கொரோனா பரவுமுன் 2020 பிப்ரவரியில் பெருமளவு ஷேர்களை விற்ற செனட்டர் ரிச்சர்ட் பர் மீது விசாரணை நடந்தது. வழக்கு எதுவும் தொடராமல் அது கைவிடப்பட்டது.

ஆக, என் புரிதல் இதுதான். சராசரி அரசியல்வாதி நம்மைப்போலத்தான், பல சமயம் நம்மைவிட மோசம். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலிக்கு மிக அருகில் இருப்பவருக்கு, அந்த முடிவு சம்பந்தப்பட்ட கம்பெனியில், அந்தச் சில நாட்களுக்கு மட்டும், பெரிய சாதகம் இருக்க முடியும். எங்கள் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் மனை விலை எப்படி ஆடியது என்று பார்த்தவர்கள் நாங்கள். எந்த சர்வே நம்பர், எந்தத் தேதி என்ற ரெண்டு விவரம் முன்னாடியே தெரிந்தவனுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சரி, நம் நாட்டு அரசியல்வாதிகள் மார்க்கெட்டை ஜெயிக்கிறார்களா? இந்த மேடையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். நம் நாட்டில் குடிமக்கள் யாரும் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

ஏன் முடியாது? உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் தந்த தீர்ப்புகளால், தேர்தலில் நிற்கிறவர் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. 2024-ல் ராகுல் காந்தி வயநாட்டில் தாக்கல் செய்த பத்திரத்தைப் பார்த்தால், சுமார் 25 கம்பெனிகளில் 4.3 கோடி ரூபாய் அளவுக்குப் பங்குகள் வைத்திருந்தது தெரிகிறது. எந்தக் கம்பெனி, எத்தனை ஷேர், எல்லாம் இருக்கிறது. எந்தத் தேதியில் வாங்கினார், இடையில் எதை விற்றார் என்பது இல்லை. அவர் மறைத்தார் என்று சொல்லவில்லை. படிவம் அதைக் கேட்கவில்லை. எல்லாக் கட்சிக்காரருக்கும் அதே படிவம்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு போட்டோ எடுக்கிறோம். நமக்கு வேண்டியது சினிமா.

எம்.பி. ஆனபின் 90 நாளுக்குள் சபைத் தலைவரிடம் சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டும். மந்திரிகள் வருஷா வருஷம் பிரதமரிடம் கொடுக்க வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினர் நலன்களுக்கு ஒரு பதிவேடு உண்டு, அதிலும் ஒரு கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு இருந்தால்தான் எழுத வேண்டும். வாங்கிய தேதி, விற்ற தேதி எங்கேயும் வெளியே வராது.

இப்போது இதையும் கேளுங்கள். மத்திய அரசில் ஒரு கிளார்க் இருக்கிறார். 1964-ம் வருஷத்து நடத்தை விதிகளின்படி அவர் ஷேரில் ஸ்பெகுலேஷன் செய்யக் கூடாது. அடிக்கடி வாங்கி விற்றாலே அது ஸ்பெகுலேஷன் என்று விதி சொல்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஒரு வருஷத்தில் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் ஷேர் வியாபாரம் செய்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் சுற்றறிக்கையே வந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு. அந்த ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவருக்கும், அதைப் பற்றிச் சபையில் ஓட்டுப் போடுகிறவருக்கும் இது கிடையாது. இது என்ன நியாயம்?

"அதான் செபி இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வதைத் தடுக்க 1992-லும் 2015-லும் விதிகள் வந்தன. வெளியாகாத விலைத் தகவல் யார் கையில் இருந்தாலும் அவருக்கும் அந்த விதி பொருந்தும். செபி நினைத்தால் டிமேட் கணக்கைத் தோண்டலாம். ஆனால் செபி தோண்டினால்தான் உண்டு. ஓட்டுப் போட்ட நமக்குப் பார்க்க வழி இல்லை.

வழி இல்லாத இடத்தில் வதந்தி வளரும். 2024 தேர்தலில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஜூன் 4-க்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், சந்தை ஏறும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் அமித் ஷா மே மாதத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். கருத்துக் கணிப்புகள் வந்தபின் ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. மறுநாள், ஓட்டு எண்ணிக்கை நாளில், 4,389 புள்ளி விழுந்தது. இது பெரிய ஊழல், கூட்டுக் குழு விசாரணை வேண்டும் என்று ராகுல் காந்தி கேட்டார். பா.ஜ.க. தரப்பில் பியூஷ் கோயல் மறுத்தார். மூன்றே வர்த்தக நாளில், ஜூன் 7 அன்று, சந்தை விழுந்த அத்தனையையும் மீட்டு மேலே போய்விட்டது. மந்திரி சொன்னது பலித்தது என்று ஒரு கட்சி, மக்கள் பணம் போனது என்று ஒரு கட்சி. நடுவில், 4-ம் தேதி பயந்துபோய் விற்ற சாதாரண ஆளுக்கு இரண்டு கட்சியாலும் பிரயோஜனம் இல்லை.

அதே வாரத்தில் இன்னொன்று. ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு கட்சி ஜெயித்ததும், அவர் 1992-ல் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபுட்ஸ் பால் கம்பெனியின் பங்கு ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேல் ஏறியது. அவர் குடும்பம் யாரும் ரகசியமாக வாங்கி ஏற்றவில்லை. பழைய குடும்பக் கம்பெனி அது. "நம்மாளு ஆட்சிக்கு வந்துட்டார்" என்று சந்தையே ஓடிப்போய் வாங்கியது. அரசியல்வாதி சந்தையைத் துரத்துகிறாரா, சந்தை அரசியல்வாதியைத் துரத்துகிறதா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? எங்கள் தெருவில் ஒரு பையன். நல்ல பையன், காலேஜ் முடித்து இரண்டு வருஷம். ஏதோ ஒரு குழுவில் "மேலிடத்து தகவல்" என்று வந்ததை நம்பி, அப்பாவின் ரிடையர்மெண்ட் பணத்தில் பாதியை எஃப் அண்ட் ஓ-வில் போட்டான். ஆறு வாரம். அவன் அப்பா என்னிடம் வந்து, "சார், போலீஸ்ல சொல்லலாமா?" என்று கேட்டார். யார் மேல் சொல்வது? தகவல் சொன்னவன் யாரென்றே பையனுக்குத் தெரியாது. அந்த மனிதர் இப்போது அறுபத்து மூன்று வயதில் ஒரு குடோனில் கணக்கு எழுதப் போகிறார். காலையில் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு நடந்து போவதைப் பார்க்கிறேன்.

அவன் ஒருத்தன் மட்டும் அல்ல. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல்! நூறு பேர் உள்ளே போனால் ஏழு பேர்தான் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, உங்கள் பணத்துக்கு: மந்திரி வாங்கினார் என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். உண்மையான உள்தகவல் என்றால் அது டீக்கடை வரை வராது. வந்தால் அது உள்தகவல் இல்லை, உங்களிடம் விற்க வந்த சரக்கு. அப்படியே உண்மையாக இருந்தாலும், அதை வைத்து வாங்குவது குற்றம். ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டுவிட்டுப் படிப்பையும் வேலையையும் பாருங்கள். தூங்குமூஞ்சி ஆசாமியாக இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு, உங்கள் ஓட்டுக்கு: அடுத்த தடவை வேட்பாளர் வாசலுக்கு வரும்போது ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள். "ஐயா, நீங்க ஜெயிச்சா, ஷேர் வாங்கின தேதியும் வித்த தேதியும் 45 நாளுக்குள்ள எங்களுக்குத் தெரியற மாதிரி சட்டம் கொண்டுவரச் சொல்லிப் பேசுவீங்களா?" அவர் திருதிருவென்று விழிப்பார். பரவாயில்லை. பத்து வாசலில் கேட்டால் பதினோராவது வாசலுக்கு பதிலோடு வருவார். நாணயமான அரசியல்வாதிக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவர்மேல் விழும் பொய்ப் பழியும் அதே தேதியால்தான் துடைக்கப்படும்.

நம் அரசியல்வாதிகள் கெட்டிக்காரர்களா, அதிர்ஷ்டசாலிகளா, குற்றவாளிகளா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லத் தேவையான தேதிகளை நாம் இன்னும் கேட்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் புள்ளியியல் மாணவர்களே, அந்தத் தேதிகள் வந்த நாளில் கணக்குப் போட வேண்டியது நீங்கள்தான். தயாராக இருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்கிறது.